முதலில் தெரிந்தவர் மேல் பழி

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணியான என் சித்தி மகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது அரசு மருத்துவமனைப் பரிசோதனையில் தெரியவந்தது. திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. லாரி ஓட்டுநரான கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். மாமியார் வீட்டார் அவளுடைய நடத்தையைப் பழித்து, எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனைகளில் எச்.ஐ.வி.யும் ஒன்று, கணவர்களுக்கு அப்படியொரு சந்தர்ப்பம் வாய்ப்பதில்லை என்பதால், ஒரு குடும்பத்தில் தொற்று பெரும்பாலும் மனைவியிடமே முதலில் கண்டறியப்படுகிறது. முதலில் தெரிந்ததாலேயே முதலில் வந்தது அவளுக்குத்தான் என்று முடிவுகட்டுவது கொடுமை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அறிகுறியே இல்லாமல் எட்டு, பத்து ஆண்டுகள்கூட இந்தக் கிருமி உடலில் இருக்கும். எனவே திருமணத்துக்கு முன்பே வந்த தொற்றாகவும் இருக்கலாம்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தபோது நான் சந்தித்த மனைவியரில் பலர், கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். அவர்களில் ஒருவர், மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தார். ஆணுறை வேண்டும் என்று ஒருமுறை கேட்டதற்கு, "என்னையே சந்தேகப்படுகிறாயா?" என்று கணவர் அடித்ததாகச் சொன்னார். தாலி கட்டியவரிடம் பாதுகாப்பைக் கேட்க முடியாத இந்த நிலையும், கல்யாணம் ஆன கையோடு குழந்தையை எதிர்பார்க்கும் உறவினர்களின் அவசரமும்தான் இந்தத் தொற்றை வீடுகளுக்குள் கொண்டுவருகின்றன. பொருத்தம் பார்க்கும்போதே இருவரும் மனமொப்பிப் பரிசோதித்துக்கொள்வதை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போது அவசரம் சிகிச்சைதான். எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசின் ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து இலவசம். சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் தவறாமல் மருந்து உட்கொண்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத நிலை நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்கும் பரவாது.

கணவரை உங்கள் வீட்டு ஆண்கள் அழைத்துப் பேசுவதைவிட, மையத்தின் ஆலோசகர் பேசுவது நல்லது. அவருக்குத் தொற்று இல்லையென்று வந்தாலும் அவள் மேல் குற்றம் இல்லை. ஒவ்வோர் உறவிலும் கிருமி கடந்துவிடுவதில்லை, ஊசி, இரத்தம் வழியாகவும் அது வரக்கூடும். 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, கணவருடன் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையும் அவளுக்கு உண்டு. 1097 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். கணவர் வரும்வரை காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே அவளை ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.