நடைப்போட்டியில் தோளுக்கும் கைக்கும் என்ன வேலை? கேள்வி பதில்

கேள்வி: சார், நடுவர் காலைத்தானே பார்க்கிறார்? கை எப்படி ஆடினால் என்ன?

பதில்: விதியில் கையைப் பற்றி எதுவும் இல்லை, உண்மைதான். கண்ணுக்குத் தெரியும்படி இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது. முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடல் அதற்கு நேர் மேலே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டையும் மீறாமல் வேகம் வேண்டுமென்றால் இடுப்பு திரும்பியாக வேண்டும். வலது கால் போகும்போது வலது இடுப்பும் கூடவே முன்னால் போகும். அதை ஈடுகட்ட மேலுடல் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும், அதாவது இடது தோளும் இடது கையும் முன்னால் வர வேண்டும். தோள் இறுகிப்போனால் இடுப்பும் முழுசாகத் திரும்பாது, கால் எடுத்து வைக்கும் எட்டு குறுகிவிடும். அதனால் கால் சரியில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் தோளைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: முழங்கையை எவ்வளவு மடக்க வேண்டும்?

பதில்: ஏறக்குறைய 90 டிகிரி. முன்னணி வீரர்கள் நிமிடத்துக்குச் சுமார் 200 எட்டு வைப்பார்கள். நீட்டிய கை அந்த வேகத்துக்கு ஆடாது. பின்னால் போகும்போது கை இடுப்பெலும்பைக் கொஞ்சம் தாண்டட்டும், முன்னால் நெஞ்சின் நடுவரை வந்தால் போதும். முழங்கையைப் பின்னால் தள்ளுவதில் கவனம் வையுங்கள். முன்னால் அது தானாகவே வந்துவிடும்.

கேள்வி: கை நெஞ்சுக்குக் குறுக்கே போகிறது, பரவாயில்லையா?

பதில்: நடுக்கோடு வரை சரி. தாண்டினால் உடல் பக்கவாட்டில் ஆடும், முன்னால் போக வேண்டிய விசை வீணாகும்.

கேள்வி: 10 கிலோமீட்டர் போட்டியில் கடைசிச் சுற்றில், தரைத் தொடர்பு விட்டுப்போகிறது என்று எச்சரிக்கையாக மஞ்சள் தட்டு காட்டினார்கள். வீடியோவில் பார்த்தால் தோள் காதுவரை ஏறியிருக்கிறது அண்ணா. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு தம்பி. களைப்பு வந்தால் தோள் மேலே ஏறும், கூடவே கையும் நெஞ்சைத் தாண்டி முகத்தை நோக்கிப் போகும். ஒவ்வொரு முறையும் கை மேலே வீசும்போது உடலையும் சேர்த்துத் தூக்குகிறது. முன்கால் தரையைத் தொடும் முன்பே பின்கால் கிளம்பிவிடும். மூன்று நடுவர்கள் தனித்தனியாகச் சிவப்பு அட்டை எழுதிவிட்டால், போட்டியைப் பொறுத்து வெளியேற்றமோ தண்டனைப் பகுதியில் காத்திருப்போதான். கடைசிச் சுற்றில் இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று எல்லாருமே கையை ஓங்கி வீசுவார்கள். வீச்சைப் பெரிதாக்காதீர்கள், தாளத்தை விரைவாக்குங்கள். தோள் ஏறுவது தெரிந்தால் மூச்சை நீளமாக விட்டு, இரண்டு கையையும் சில எட்டுகள் கீழே தொங்கவிட்டு, அப்புறம் பழைய நிலைக்கு வாருங்கள். விரல்களை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அந்த இறுக்கம் கழுத்துவரை ஏறும்.

கேள்வி: முன்னால் சாய்ந்து நடக்கலாமா?

பதில்: லேசாக, அதுவும் கணுக்காலிலிருந்து. இடுப்பில் குனிந்தால் பிட்டம் பின்னால் போய் முழங்கால் மடங்கத் தொடங்கும். பின்னால் சாய்ந்தால் கீழ்முதுகு வலிக்கும்.

கேள்வி: யாருடைய வீடியோவைப் பார்த்துக் கற்கலாம்?

பதில்: ஜப்பானியர்களைப் பாருங்கள். யூசுகே சுசுகி 2015-இல் நோமியில் 20 கிலோமீட்டரை 1:16:36-இல் முடித்தார். தொஷிகாசு யமானிஷி 2025-இல் கோபேயில் அதே தூரத்தை 1:16:10-இல் முடித்தார். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 49 விநாடிகூட ஆகவில்லை! திரையில் இடுப்புக்குக் கீழே ஒரு காகிதத்தை வைத்து மறைத்துவிட்டுப் பாருங்கள். அந்த வேகத்திலும் தலை மேலும் கீழும் குதிக்காது, தோள் தாழ்ந்தே இருக்கும்.

கேள்வி: தோள் இளக என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: மெதுவாக நடந்துகொண்டே ஒரு கையைப் பின்புறமாக முழு வட்டம் சுற்றுங்கள், பிறகு மறு கை. அடுத்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டியபடி கொஞ்ச தூரம் நடங்கள். கை உதவி இல்லாததால் இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்பது உடனே புரியும். இவற்றை வேகப் பயிற்சிக்கு முன்பு செய்யுங்கள், களைத்த பிறகு வேண்டாம்.