கமரா செற் வாங்கப் போகிறீர்களா? திருகோணமலை வாசகர் கேள்விகள்

கேள்வி: தம்பி, நான் உப்புவெளியில் தனியாக இருக்கிறேன். படிப்பித்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் இருந்து கடற்கரைக்கு ஐந்து நிமிட நடை. முன்னால் கேற், பின்னால் கிணறும் சின்னப் படலையும். பாதுகாப்புக் கமரா போடச் சொல்லி கனடாவில் இருக்கும் மகன் ஒரே கரைச்சல். டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். "எட்டுக் கமரா, ஃபோர் கே செற், நாளைக்கே வந்து பூட்டித் தருகிறோம்" என்கிறார்கள். எடுக்கலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, உப்புவெளி)

பதில்: கொஞ்சம் பொறுங்கள் ரீச்சர். அந்த "ஃபோர் கே" எதைக் குறிக்கிறது என்று கடையில் கேட்டீர்களா? பல செற்களில் பெட்டி மேல் இருக்கும் அந்தச் சொல் பதிவுக் கருவிக்கு உரியது. ஃபோர் கே, அதாவது 8 மெகாபிக்சல் (எண்பது லட்சம் புள்ளி) அளவுக் கமரா கொடுத்தாலும் அந்தக் கருவி ஏற்கும், அவ்வளவுதான். கூட வரும் கமராக்கள் 2 மெகாபிக்சலாக இருக்கும். இன்னொன்று "1080என்" என்று எழுதியிருக்கும். முழு 1080 படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள் உண்டு. கடைசியில் அந்த "என்" ஒட்டியிருந்தால் 960க்கு 1080, அகலத்தில் பாதி. ஓர் எழுத்துக்குப் பின்னால் பாதிப் படத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள்! "லைட்" என்று முடியும் அளவுகளிலும் பெரும்பாலும் இதே கதைதான்.

அடுத்தது எண்ணிக்கை. உங்கள் வளவுக்கு எட்டுக் கமரா எதற்கு? கேற்றுக்கு ஒன்று, பின் படலைக்கு ஒன்று, முன் விறாந்தைக்கு ஒன்று, பக்கத்து ஒழுங்கைப் பக்கம் ஒன்று. நான்கு போதும். மிச்சப் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

கேற்றில் நிற்பவர் யார் என்று தெரிய வேண்டும், இல்லையா? இதற்கு ஐரோப்பியத் தரநிலை ஒன்றின் (இஎன் 62676-4) 2015ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு கணக்குச் சொன்னது. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படப் புள்ளி, விழ வேண்டும். தெரிந்த ஆளென்றால் 125 போதும். செற்களில் வழக்கமாக வருவது 2.8 மில்லிமீற்றர் லென்ஸ். ஏறக்குறைய 100 பாகை அகலமாகப் பார்க்கும். போனில் பார்க்க வளவு முழுக்கத் தெரியும், மகனுக்கும் சந்தோசமாக இருக்கும். ஆனால் 4 மெகாபிக்சல் கமராவில் அந்த லென்ஸ் 250 பிக்சல் தருவது நான்கு மீற்றர் வரைதான். விறாந்தையில் பூட்டி, பத்து மீற்றர் தள்ளியிருக்கும் கேற்றைப் பார்த்தால் மீற்றருக்கு நூறு பிக்சல் அளவில்தான் கிடைக்கும். யாரோ வந்தார், சாரம் கட்டியிருந்தார் என்று சொல்லலாம். முகம் கிடைக்காது. அதே 4 மெகாபிக்சலில் 6 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டால் பத்து மீற்றரில் முகம் கிடைக்கும். படம் ஒடுக்கமாகிவிடும், பரவாயில்லை. ஆகவே நான்கும் ஒரே லென்ஸாக வரும் செற்றை எடுக்காதீர்கள். கேற்றுக்கு 6, மற்றவைக்கு 2.8 என்று கேட்டு வாங்குங்கள். லென்ஸை மாற்றித் தரமாட்டோம் என்றால் கேற்றுக் கமராவை கேற் தூணுக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பது அடி உயரம் போதும். கூரை முகட்டில் பூட்டினால் தொப்பிதான் பதிவாகும்.

உங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புவெளிக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. கமராவும் கிழக்கைப் பார்த்தால் காலை ஆறரைக்கு வெயில் நேரே லென்ஸில் அடிக்கும், கேற்றில் நிற்பவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் வசதிக்கு டபிள்யூடிஆர் என்று பெயர். பெட்டியில் "டபிள்யூடிஆர் 120 டிபி" என்று இருக்கிறதா பாருங்கள். "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" என்று மட்டும் இருந்தால் அது பெயருக்குத்தான். முடிந்தால் கொஞ்சம் வடக்கே அல்லது தெற்கே திருப்பிப் பூட்டுவது எல்லாவற்றிலும் நல்லது.

இனி உப்பு. நம்மூரில் கமராவைக் கொல்வது கள்ளன் இல்லை, உப்புக் காற்று. பெட்டியில் ஐபி66, ஐபி67 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது தூசிக்கும் தண்ணீருக்குமான அளவு. துருவுக்கு அதில் ஒரு உறுதியும் இல்லை. என் வீட்டில் முதல் கமரா ஒரு வருசத்துக்குள் செத்தது. கமராவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரமே இல்லை. வாலில் தொங்கும் வயர் இணைப்பைப் பூட்டியவர் வெளியே காற்றாடத் தொங்கவிட்டிருந்தார், அதில் பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. அந்த இணைப்புகள் எல்லாம் மூடியுள்ள பெட்டிக்குள் போக வேண்டும். வயர் சுவருக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே வளைந்து தொங்கி மேலே ஏற வேண்டும், வாடைக்கால மழை வயர் வழியே உள்ளே ஓடாது. ஆணிகள் துருப்பிடிக்காத எஃகு. இதையெல்லாம் பூட்ட வரும் பையனுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்த பின் சொன்னால் முகத்தைச் சுளிப்பான்.

வயரில் ஒரு சின்னப் பரீட்சை செய்யுங்கள் ரீச்சர், உங்களுக்குப் பரீட்சை புதிதில்லையே. செம்பு வயர் என்று தருவார்கள். உள் கம்பியை பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு, ஆனால் மின்தடை கூட; ஒரே வயரில் படமும் கரண்டும் போகும் பிஓஇ செற்றில் தூரத்துக் கமரா இரவில் விட்டு விட்டு வேலை செய்யும். நல்ல செம்புக் கேட் 6 வயர் 100 மீற்றர் வரை ஓடும். உங்கள் வளவுக்குத் தாராளம். வெயில் படும் இடத்தில் பிவிசி பைப்புக்குள் விடச் சொல்லுங்கள்.

உருண்டைக் கண்ணாடி மூடி போட்ட டோம் கமராவை வெளியே வேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மூடியில் உப்பும் புழுதியும் படியும். இரவில் கமராவின் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பி, படம் முழுக்கப் புகை மூட்டமாகும். நீட்டுக் குழாய் வடிவம் நல்லது. அதற்கும் சிலந்தி வரும். இரவு முழுக்க வெள்ளை நூல் ஆடும், போனில் ஓயாமல் மணி அடிக்கும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

ஹார்ட் டிஸ்க் செற்றுக்குள் வருகிறதா என்று கேளுங்கள், பல செற்களில் வராது. படத்தைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறையில் ஒரு 4 மெகாபிக்சல் கமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிந்தால் நாளுக்கு 21 ஜிபி சொச்சம். நான்குக்கு 86. ஒரு டெராபைட் (1000 ஜிபி) டிஸ்க்கில் பத்துப் பதினொரு நாள், இரண்டில் மூன்று கிழமைக்கு மேல். இரண்டு டெராபைட் டிஸ்க்காக எடுங்கள், பயணம் போய் வந்தாலும் பார்க்கலாம். டபிள்யூடி பேர்ப்பிள், சீகேட் ஸ்கைஹோக் போல ஓயாமல் பதிவதற்கென்றே செய்ததாக இருக்கட்டும். கணினியில் கழற்றியதைப் போடவிடாதீர்கள்.

கரண்ட் செலவையும் சொல்லிவிடுகிறேன். நான்கு கமராவும் கருவியும் சேர்ந்து 40 வாட் என்று வைத்தால் மாதம் 29 யூனிட் அளவு. உங்கள் பில் இப்போது ஒரு கட்டணப் படிநிலையின் ஓரத்தில் நின்றால் அடுத்த படிக்கு ஏறிவிடும். கரண்ட் போனால் பார்க்க ஒரு யூபிஎஸ் வேண்டும், இணைய ரவுட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். இல்லையென்றால் இங்கே பதிவு நடக்கும், கனடாவில் திரை இருட்டாக இருக்கும். வீட்டுக் கருவியில் பதிவது டேட்டாவைத் தின்னாது. மகன் பார்க்கும்போதுதான் தின்னும்: சின்னப் படமாக ஒரு கமராவை ஒரு மணி நேரம் பார்த்தால் 230 எம்பி அளவு. நான்கையும் நாள் முழுக்கத் திறந்து வைக்காதே என்று சொல்லிவிடுங்கள்.

பில்லில் கமரா, கருவி, டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாத வாரண்டி என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு அந்தச் சபையின் தொலைபேசி இலக்கம் 1977. மின்னல் அடித்து எரிந்தால் வாரண்டி பெரும்பாலும் கைகொடுக்காது, ஒக்டோபர் இடிமழைக்கு முன் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றும் போடுவது நல்லது.

கேள்வி: மூன்றாம் குறுக்குத் தெருவில் எனக்குத் துணிக்கடை. எட்டு வருசப் பழைய செற். இரவில் இரண்டு கமரா கறுப்பாகிவிடுகிறது, பகலில் சரி. எல்லா வயரையும் பிடுங்கிப் புது ஐபி செற் (நெற்வேர்க் வயரில் ஓடுவது) போட வேண்டும் என்கிறார்கள்.

பதில்: பகலில் சரியாக இருப்பதால் கமராவைச் சந்தேகிக்காதீர்கள், முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், கமரா இழுக்கும் கரண்ட் கூடும். வயதான 12 வோல்ட் சப்ளை அப்போது தாங்காது. அதை மாற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தை யோசியுங்கள். கருவியையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும் சுவருக்குள் இருக்கும் கோஎக்ஸ் வயர் (ரீவி அன்ரெனா வயர் மாதிரியான பழைய கமரா வயர்) நல்லதாக இருந்தால் அதிலேயே 5 மெகாபிக்சல் படம் ஓடும், கருவியும் கமராவும் ஒரே வகைச் சமிக்ஞையில் பேசினால் போதும். சுவரை உடைக்க அவசரப்படுகிறவர் வயர் விற்கிறவராக இருக்கலாம்! கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு கமராவை நேரே கீழே பார்க்க வையுங்கள், காசுத் தாள் தெரிய வேண்டும்.

கேள்வி: கிண்ணியாவில் இருந்து எழுதுகிறேன். வைஃபை கமராவை யாராவது வெளியிலிருந்து திறந்து பார்க்க முடியுமா? பிள்ளைகள் இருக்கும் வீடு.

பதில்: முடியும், பெரும்பாலும் நாம் பூட்டாமல் விட்ட கதவால். 2016இல் மிராய் என்ற தீங்குநிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுக் கருவிகளையும் பிடித்தது, கம்பனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான். அதை மாற்றுங்கள், செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், படுக்கை அறைக்குள் கமராவே வேண்டாம். இங்கே நான் அடிக்கடி காண்பது வேறு: பூட்டிய பையன் தன் மின்னஞ்சலில் கமராவைப் பதிந்து உங்களுக்குப் பகிர்ந்துவிட்டுப் போயிருப்பார். அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு முதல் உரிமையாளர் அவர். செயலியில் உரிமையாளர் யார் என்று இன்றே பாருங்கள். வேறு பெயர் இருந்தால் அவரைக் கொண்டே நீக்கச் சொல்லி, உங்கள் பெயரில் புதிதாகச் சேருங்கள்.

கேள்வி: கடைக்கு முன்னால் விபத்து. இரண்டு கிழமை கழித்துப் பொலிஸ் பதிவு கேட்டபோது அழிந்திருந்தது. (பாலையூற்று)

பதில்: டிஸ்க் நிறைந்தால் பழையதன் மேலேயே பதியும். சம்பவம் நடந்த அன்றே யூஎஸ்பியில் எடுத்து வையுங்கள், வெட்டாமல் ஒட்டாமல். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் (விசேட ஏற்பாடுகள்) சட்டப்படி இத்தகைய பதிவு நீதிமன்றத்தில் சாட்சியாகலாம், ஆனால் அது மாற்றப்படாததாகவும் கருவி சரியாக இயங்கியதாகவும் இருக்க வேண்டும். கருவியின் நேரம் பிந்தியிருந்தால் எடுக்கும்போதே சரியான நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கமரா எங்கள் கிணற்றடியைப் பார்க்கிறது. குளிக்கப் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று 2022இல் வந்தது. வீட்டுத் தேவைக்கு மட்டும் ஒருவர் வைத்திருப்பதை அது விலக்கிவைக்கிறது, ஆகவே அதை முதலில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். படம் எதுவரை தெரிகிறது என்று போனில் காட்டச் சொல்லுங்கள், பல நேரம் அவருக்கே தெரிந்திருக்காது. அநேகமான கருவிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு, "பிரைவசி மாஸ்க்" என்ற பெயரில் இருக்கும். உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிணற்றடிக்கு ஒரு கிடுகு வேலி.