சுவரோவியத்தின் அடிப்பகுதி மட்டும் உரிவது ஏன்?

வணக்கம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகள் வரைந்த சுவரோவியம் முழங்கால் உயரத்துக்குக் கொப்பளித்து உரிகிறது, மேலே நன்றாகவே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயின்ட் மேல் தப்பு இருக்காது. சுவரை ஒட்டி வரிசையாக வைத்திருக்கும் செடித்தொட்டிகளைத்தான் முதலில் பாருங்கள். அந்த ஈரம் சிமென்ட்டில் ஏறி, அங்குள்ள உப்பைக் கரைத்து வெளியே தள்ளும். உரிந்த இடத்தை விரலால் தேய்க்கும்போது வெள்ளை மாவு ஒட்டினால் அதுதான் காரணம்.

தொட்டிகளை ஒரு சாண் தள்ளி, செங்கல்மேல் வையுங்கள். தட்டில் தேங்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்தக் கொஞ்சமே போதும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும்.

பிறகு காயவிடுங்கள். அவசரப்பட்டால் வேலை கெடுவது இங்கேதான். டிசம்பர் மழையில் தொடங்கவே வேண்டாம். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர் முத்துகள் தெரிந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்ததும் உரிந்த ஓரங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, சிமென்ட்டின் காரத்தன்மையைத் தாங்கும் சீலர் (அடிப்பூச்சு) ஒரு பூச்சு, வெளிச்சுவர் அக்ரிலிக் இரண்டு பூச்சு அடியுங்கள். எண்ணெய் பெயின்ட் ஈரத்தை அடைத்துவைக்கும், மறுபடி கொப்பளிக்கும். மேற்பகுதி ஓவியத்தைத் தொடாதீர்கள், பாவம், அது பிள்ளைகளின் உழைப்பு. கீழ்ப்பகுதியை அவர்களையே திரும்ப வரையச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன் நகர மன்றத்திடம் அனுமதி கேளுங்கள். தொட்டிகளை நகர்த்தியும் ஈரம் குறையாவிட்டால் குழாய்க் கசிவாக இருக்கலாம், அதையும் சொல்லிவிடுங்கள்.