இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் அல்லாத தன்னார்வலரால் என்ன பயன்?

நிறையவே உண்டு. உதவி கேட்டு வருபவர் பெரும்பாலும் ஒரு பை நிறையக் காகிதத்தோடுதான் வருவார். வாடகை ரசீது, நோட்டீஸ், பிரிக்காத கவர் எல்லாம் கலந்து கிடக்கும். அதைத் தேதிவாரியாக அடுக்கி, எதற்கு எந்தத் தேதிக்குள் பதில் போட வேண்டும் என்று பார்த்து, நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், வக்கீல் ஒதுக்கும் கொஞ்ச நேரமும் ஆலோசனைக்கே போகும். கெடு தவறினால் நல்ல வழக்கும் கையை விட்டுப் போகலாம், அதனால் இதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். அப்புறம், எதிர்த்தரப்பு ஏற்கெனவே அதே மையத்துக்கு வந்திருக்கிறதா என்று பெயரைச் சரிபார்ப்பது, படிவம் நிரப்ப உதவுவது, மொழிபெயர்ப்பது. சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. ஆனால் “கேஸ் ஜெயிக்குமா?” என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, அதை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.