பெயர்ப்பலகை இல்லாத பழைய ஃபோர்டு டிராக்டர்: எந்த மாடல் என்று அறிவது எப்படி?

கேள்வி: பழைய நீல நிற ஃபோர்டு டிராக்டர் ஒன்று வாங்கினேன். மூன்று சிலிண்டர் டீசல். பானட் மாற்றப்பட்டது, அதில் எழுத்து எதுவும் இல்லை. புகை அதிகம் வந்ததால் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றிவிட்டோம். கேஸ்கெட், பிஸ்டன் கேட்டால், "2000-ஆ, 3000-ஆ, 4000-ஆ?" என்கிறார்கள். எப்படிச் சொல்வது, ஐயா?

பதில்: ஹெட் கழன்றிருப்பதால் உங்கள் வேலை பாதி முடிந்தது. 1965 முதல் 1975 வரை வந்த இந்த மூன்று மாடல்களுக்கும் மூன்று சிலிண்டர்தான். பிளாக்கை வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம். பானட், பெயின்ட், சக்கரம் எதையும் நம்பாதீர்கள். மாற்றக்கூடியவை எல்லாம் இந்நேரம் மாறியிருக்கும்.

போரையும் (சிலிண்டரின் உள்விட்டம்) ஸ்ட்ரோக்கையும் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) அளந்து பாருங்கள். போரை சிலிண்டரின் அடிப்பகுதியில், ரிங் உரசாத இடத்தில் அளக்க வேண்டும். மேலே தேய்மானம் இருக்கும். ஸ்ட்ரோக்குக்கு, கிராங்கைக் கையால் சுற்றி பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக் மேல்முகத்திலிருந்து பிஸ்டன் தலைவரை ஆழம் பாருங்கள். பிறகு அதே பிஸ்டனை அடிமட்டத்தில் நிறுத்தி மறுபடி அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்ட்ரோக்.

போர் 106.7 மி.மீ., ஸ்ட்ரோக் 96.5 என்றால் 2000-இன் 158 கன அங்குல என்ஜின். போர் அதே 106.7, ஸ்ட்ரோக்கும் 106.7 என்றால் 3000-இன் 175. இரண்டுமே 111.8 என்றால் 4000-இன் 201. போர் 111.8, ஸ்ட்ரோக் 106.7 என்று வந்தால் அது பிற்காலத்து 3610-க்கு வந்த 192. யாரோ என்ஜினை மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். ஏற்கெனவே ரீபோர் செய்திருந்தால் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால்) போர் அளவு 1 மி.மீ. வரை கூடியிருக்கலாம். 107.7 வந்தாலும் அது 106.7 குடும்பம்தான், குழம்ப வேண்டாம். ஓவர்சைஸ் அளவு பிஸ்டன் தலையில் பொறித்திருக்கிறதா என்று கரியைச் சுரண்டிப் பாருங்கள்.

போரை மட்டும் சொல்லி பிஸ்டன் வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உயரம் பொருந்தாத பிஸ்டன் உச்சியில் தாழ்வாக நின்றால் கம்ப்ரஷன் குறையும்; காலையில் ஸ்டார்ட் ஆகாது, வெள்ளைப் புகை வரும். உயரமாக நின்றால் ஹெட்டிலோ வால்விலோ இடிக்கும். 106.7-க்கான கேஸ்கெட்டை 111.8 போரில் வைத்தால் அதன் விளிம்பு சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டு கருகிப்போகும்.

இதுவரை கண்டது என்ஜினின் அடையாளம். டிராக்டரின் அடையாளம் கியர்பாக்ஸில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் சற்றுப் பின்னால் ஒரு தட்டையான இடம் உண்டு. டீசல் நனைத்த துணியால் கிரீஸை ஊறவைத்துத் துடையுங்கள். பெயின்டை ரிமூவர் போட்டு எடுங்கள். கிரைண்டர் வைத்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் குழிந்த எழுத்துகள் தெரியும். மாடல் எண், சீரியல் எண், தேதிக் குறி எல்லாவற்றையும் ஓர் எழுத்துக்கூட விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

தேதிக் குறி 4C18B என்பது போல இருக்கும். 4 ஆண்டின் கடைசி இலக்கம், C மார்ச், 18 தேதி, B தொழிற்சாலை ஷிப்ட். மாதங்கள் A-யில் தொடங்கி M வரை போகும், I கிடையாது. 5 என்று தொடங்கினால் 1965-ஆ 1975-ஆ என்ற சந்தேகம் வரும். அப்போது வார்ப்பில் புடைத்து நிற்கும் பாக எண்ணைப் பாருங்கள். C5NN என்றால் அந்தப் பாகம் 1965-இல் வடிவமைத்தது. D-யில் தொடங்கினால் 1970-களுடையது. D எண் உள்ள கியர்பாக்ஸ் 1965-இல் வந்திருக்க முடியாது. C எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பழைய வார்ப்பைப் பின்னாளிலும் பயன்படுத்தியிருப்பார்கள்.

என்ஜினும் கியர்பாக்ஸும் வேறுவேறு மாடலைக் காட்டினால் இரண்டையும் நோட்டில் தனித்தனியே குறித்துவையுங்கள். பிஸ்டன், ரிங், கேஸ்கெட், பேரிங் எல்லாம் என்ஜின் அளவைச் சொல்லி வாங்குங்கள். கியர், ஷாஃப்ட், ஹைட்ராலிக் சாமான்களைக் கியர்பாக்ஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். கிளட்ச் தட்டுக்கு மட்டும் எந்த எண்ணும் போதாது. பழையதைக் கழற்றி, அதன் விட்டத்தையும் நடுவில் உள்ள பல் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே புதியதை வாங்குங்கள்.