சுற்றளவு சமமான இரு செவ்வகங்கள்: பரப்பளவைக் காண்பது எப்படி?

12 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடைய செவ்வகத்தின் சுற்றளவே 15 மீட்டர் நீளமுள்ள இன்னொரு செவ்வகத்துக்கும் இருந்தால், இரண்டாவதன் பரப்பளவு என்ன என்பது கேள்வி. சுற்றளவு என்பது நான்கு பக்கங்களின் மொத்த நீளம். பரப்பளவு என்பது அவற்றுக்குள் அடங்கும் இடம். எதிரெதிர்ப் பக்கங்கள் சமம் என்பதால், நீளமும் அகலமும் சேர்ந்தால் சுற்றளவில் பாதி, அதாவது இங்கே 20 மீட்டர். அதில் 15 போக அகலம் 5 மீட்டர். பரப்பளவு 75 சதுர மீட்டர்.

தோவாளையில் ஒரு பிச்சிப்பூத் தோட்டத்தைச் சுற்றி 40 மீட்டர் கயிறு கட்டுவதாக எண்ணிப் பாருங்கள். கயிற்றை நீளவாக்கில் இழுக்க இழுக்க அகலம் ஒடுங்கி, 19-க்கு 1 என்று ஆகும்போது ஒரு வரிசைச் செடிக்கே இடமிருக்கும். 10-க்கு 10 என்று சதுரமாக்கினாலோ 100 சதுர மீட்டர் கிடைக்கும்.

சுற்றளவு சமமென்றால் பரப்பளவும் சமம் என்று மாணவர் பலர் முதல் செவ்வகத்தின் 96-ஐயே விடையாக எழுதிவிடுகிறார்கள்; அது சரியன்று.