ரஷ்ய மொழி படிக்க வெளிநாடு: கட்டணம், விசா, கைப்பணம் (கேள்வி-பதில்)

கேள்வி: மாஸ்கோவில் நான்கு வார ரஷ்ய வகுப்புக்கு இரண்டு இடங்களில் விசாரித்தேன். பல்கலைக்கழகத்தில் வாரம் 20 மணி, தனியார் மொழிப்பள்ளியில் வாரம் 16 மணி. பள்ளியில்தான் கட்டணம் கூடுதல். பல்கலைக்கழகத்தில் சேர்வதுதானே லாபம்?

அந்த இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் மணி என்று எழுதுவது பெரும்பாலும் 45 நிமிட பீரியட். இரண்டு பீரியட் சேர்ந்த 90 நிமிட வகுப்பை அங்கே ‘பாரா’ என்பார்கள். வாரம் 20 பீரியட் என்றால் கடிகாரப்படி 15 மணி, நான்கு வாரத்துக்கு 60. பள்ளியின் 16 மணி முழு 60 நிமிட மணியாக இருந்தால் நான்கு வாரத்துக்கு 64. ஆகவே ‘ஒரு மணி என்பது எத்தனை நிமிடம்?’ என்று இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள். மொத்தக் கட்டணத்தைக் கடிகார மணியால் வகுத்து வருவதே உண்மையான விலை.

அந்த மொத்தத்தில் பதிவுக் கட்டணம், பாடப்புத்தகம், எந்த நிலையில் சேர்ப்பது என்று பார்க்கும் நிலைத்தேர்வு, விசாவுக்கான அழைப்புக் கடிதச் செலவு எல்லாம் அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றைத் தனித்தனியாக வசூலிக்கும் இடங்கள் உண்டு.

இதைவிடப் பெரிய விஷயம் குழு. உங்கள் நிலையில் போதிய ஆள் சேராவிட்டால் பல பள்ளிகள் குழு வகுப்பைத் தனிவகுப்பாக மாற்றி மணி நேரத்தைக் குறைத்துவிடும். கட்டணம் குறையாது. இந்த விதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். எத்தனை பேருக்குக் குறைந்தால் குறைப்பார்கள், எத்தனை மணியாகக் குறைப்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். எழுத்தே தெரியாமல் தொடங்குபவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள், ஏனென்றால் தொடக்கநிலைக் குழு குறிப்பிட்ட தேதிகளில் மட்டுமே தொடங்கும். 33 எழுத்துகளையும் வீட்டிலேயே கற்று, எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்காவது வந்துவிட்டுப் புறப்படுங்கள். அங்கே காசு கொடுத்து எழுத்துப் பயிற்சி செய்வது வீண்.

கேள்வி: நான்கு வாரத்தில் எவ்வளவு ரஷ்ய மொழி வரும்?

வெளிநாட்டவரின் ரஷ்ய மொழித்திறனைச் சோதிக்க ரஷ்ய அரசு அங்கீகரித்த டி.ஆர்.கே.ஐ. தேர்வின் அளவுகோலில் பார்த்தால், தொடக்கநிலைக்கு (ஏ1) சுமார் 780 சொற்கள், அடுத்த நிலைக்கு (ஏ2) 1,300, ‘முதல் நிலை’ என்று பெயரிடப்பட்ட மூன்றாம் படிக்கு (பி1) 2,300. சுழியத்திலிருந்து ஏ1 எட்டத் தோராயமாக 100 முதல் 120 பீரியட் ஆகும். நான்கு வாரத்தில் உங்களுக்குக் கிடைப்பது 80. வேற்றுமைகள் ஆறையும் அறிமுகம் செய்துகொண்டு, கடையிலும் பேருந்திலும் பேசிச் சமாளிக்கலாம். சான்றிதழை இலக்காக வைத்துக்கொண்டு இந்த அளவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

ரஷ்யாவில் இளநிலைப் பட்டம் படிப்பதுதான் நோக்கம் என்றால் பொதுவாக பி1 கேட்பார்கள். அதற்கு ‘பொத்ஃபாக்’ எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருக்கிறது. மொழியோடு, நீங்கள் சேரப்போகும் துறைக்கேற்ப கணிதம், வேதியியல் போன்ற பாடங்களையும் ரஷ்ய மொழியிலேயே நடத்துவார்கள். மொழி மட்டும் போதும் என்பவர்களுக்கு அந்தப் பாடங்கள் சுமை.

தேர்வுக் கட்டணம் பல இடங்களில் வகுப்புக் கட்டணத்தில் சேராது. தேர்வில் ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் 66 சதவீதம் வேண்டும், ஏதேனும் ஒன்றில் மட்டும் 60 வரை இறங்கலாம். மறுதேர்வுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? சுற்றுலாவுக்கான மின்-விசாவில் போய்ச் சேர்ந்துகொள்ளலாமா?

கூடாது. மின்-விசா படிப்புக்கானது அல்ல. அதை அங்கே போய் மாணவர் விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

படிப்பு விசாவுக்கு முதலில் வேண்டியது அழைப்புக் கடிதம். பல்கலைக்கழகம் உங்கள் விவரங்களை ரஷ்ய உள்துறை அமைச்சகத்துக்கு அனுப்பி அதைப் பெற்றுத்தரும். ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கலாம். பிறகுதான் தூதரகத்தில் விசா. வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி மூன்று மாதமாவது எண்ணிக்கொண்டு ஆவணம் அனுப்புங்கள். விசா கையில் வரும் வரை பணம் திருப்பித்தராத விமானச் சீட்டு எடுக்க வேண்டாம்.

பெரும்பாலும் காரியம் கெடுவது இரண்டு இடங்களில். ஒன்று பெயர். அழைப்பில் உங்கள் பெயர் ரஷ்ய எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் இருக்கும். குடும்பப்பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்காரர்களுக்கும், இனிஷியலை விரித்து எழுதியவர்களுக்கும் அங்கேதான் குழப்பம். அழைப்பு வந்த அன்றே பாஸ்போர்ட்டோடு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். பிழை இருந்தால் புதிய அழைப்பே வேண்டியிருக்கும், காத்திருப்பும் முதலிலிருந்து. இன்னொன்று பாஸ்போர்ட்டின் ஆயுள். பல பல்கலைக்கழகங்கள் பயணத் தேதியிலிருந்து ஒன்றரை ஆண்டு மீதம் கேட்கின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதானால் எச்.ஐ.வி. பரிசோதனைச் சான்றும் வேண்டும். 2021 டிசம்பர் இறுதியிலிருந்து, 90 நாளுக்கு மேல் தங்குவோர் ரஷ்யாவிலும் மருத்துவப் பரிசோதனை செய்து கைரேகை பதிய வேண்டும். அந்தச் செலவும் உங்களுடையது. நீண்ட படிப்புக்கும் முதல் விசா ஒரே நுழைவுக்கான 90 நாள் விசாவாக இருக்கலாம். அப்படியானால் அதை அங்கேயே நீட்டிப்பார்கள். அப்போது பாஸ்போர்ட் சில வாரம் அலுவலகத்தில் இருக்கும், அந்த நாள்களில் நாட்டை விட்டு வெளியே போகத் திட்டமிடாதீர்கள்.

கேள்வி: விடுதியை விட வாடகை வீடு வசதி என்கிறார்கள். எதைத் தேர்வது?

முதல் முறை போகிறவருக்கு விடுதிதான். காரணம் வாடகை மட்டுமல்ல. வந்து இறங்கியதும் தங்குமிடத்தில் உங்கள் பெயரைப் பதிய வேண்டும், பெரும்பாலோருக்கு ஏழு வேலை நாள் கெடு. விடுதி என்றால் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். தனி வீடு என்றால் உரிமையாளர் பதிவு செய்துதர வேண்டும், பலர் மறுப்பார்கள். பதிவு இல்லாவிட்டால் அபராதம், விசா நீட்டிப்பிலும் சிக்கல். அப்படியும் வீடுதான் வேண்டும் என்றால், பதிவு செய்துதருவதாக உரிமையாளர் எழுதிக்கொடுத்த பிறகு முன்பணம் கொடுங்கள். விமான நிலையத்தில் தரும் குடியேற்ற அட்டையைத் தொலைக்கவே கூடாது.

கேள்வி: பணத்தை எப்படிக் கொண்டுபோவது? என் வங்கி அட்டை அங்கே செல்லுமா?

ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. பணம் எடுக்கவும் முடியாது, கடையில் தேய்க்கவும் முடியாது. வரவுசெலவுத் திட்டத்தையே மாற்றும் செய்தி இது.

டாலர் அல்லது யூரோ நோட்டாகக் கொண்டுபோங்கள். கிழிசல், கறை, பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டை வங்கி வாங்க மறுக்கும், குறைத்தும் மதிப்பிடும். 10,000 டாலர் மதிப்புக்கு மேல் கையில் இருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். முதல் ஒன்றரை மாதச் செலவு கையில் இருக்கட்டும், ஏனென்றால் உள்ளூர் ‘மீர்’ அட்டைக்கு வங்கிக்கணக்கு திறக்க, பதிவுச் சான்றும் நோட்டரி சான்றளித்த பாஸ்போர்ட் மொழிபெயர்ப்பும் கேட்பார்கள். சிம் கார்டும் உடனே கிடைக்காது. 2025 ஜனவரி முதல் வெளிநாட்டவர் முகம், குரல் அடையாளம் பதிந்த பிறகே வாங்க முடியும்.

கட்டணத்தை வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் இடைவங்கி நிறுத்திவைத்துவிட்டுப் பல வாரம் கழித்துத் திருப்பியனுப்பலாம். பல்கலைக்கழகம் இப்போது எந்த வங்கி வழியாகப் பெறுகிறது, நேரில் வந்து கட்டலாமா என்று முன்பே கேளுங்கள். அழைப்புக்கு முன்னால் முழுக் கட்டணம் கேட்கும் தரகரிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: இந்த அலைச்சல் வேண்டாம். ரஷ்யாவுக்கு வெளியே படிக்க முடியாதா?

தாராளமாக முடியும். கிர்கிஸ்தானில் ரஷ்யம் அலுவல் மொழி. பிஷ்கெக்கில் மொழிப்பள்ளிகள் இருக்கின்றன, சர்வதேச அட்டையும் செல்லும். கஜகஸ்தானின் அல்மாட்டியிலும் அன்றாட வாழ்வில் ரஷ்யம் புழங்குகிறது. ஆனால் இந்த ஊர்களில் வீட்டுப் பேச்சு வேறு மொழியாக இருக்கக்கூடும். உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் தங்குவதானால், அவர்கள் வீட்டுக்குள்ளும் ரஷ்யம் பேசுபவர்களா என்று பெயர் பதியும்போதே பள்ளியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.